குளிராத வீடு வரையப் போன கதை

வீட்டுப் பிளான் வரைகிறவனின் தாளில் எந்த வீடும் ஒழுகியதில்லை, எந்த வீட்டிலும் குளிர் அடித்ததில்லை. ஆள் குடிபோன பிறகுதான் எல்லாம் ஆரம்பிக்கும்.

இலங்கை மலைநாட்டில் குளிருக்குப் பேர்போன அப்புத்தளையின் கடைத்தெருவில், போன் ரிப்பேர் கடை ஒன்றுக்கு மேலே, கதவு சரியாகச் சாத்தாத ஓர் அறைதான் என் ஆபீஸ். பதினான்கு வருடமாக அங்கே உட்கார்ந்து வீடு வரைகிறேன். வீடு கட்டியவர்கள், கட்டிக்கொண்டிருக்கிறவர்கள், கட்டி முடித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் எல்லோருக்கும் என் அனுதாபங்கள். உங்களுக்குப் பாடம் சொல்லித்தர இதை எழுதவில்லை. ஹீட்டர் வேண்டாத, கரண்ட் அதிகம் குடிக்காத வீடு வரையப் போய் நான் எப்படியெல்லாம் குழம்பினேன் என்றுதான் சொல்லப்போகிறேன். நீங்களும் குழம்பியவராக இருந்தால், துணைக்கு ஓர் ஆள் இருக்கிறான் என்று ஆறுதல்பட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலைத் துரத்தப் படித்தவன்

கொழும்பில் இரண்டு நாள் வகுப்பு ஒன்று வைத்தார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வீடு கட்டுவது எப்படி என்பது விஷயம். வகுப்பு எடுத்தவர் நல்ல மனிதர், நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். கூரையைச் சுவருக்கு வெளியே நன்றாக நீட்டு, வெயில் சுவரில் படாது. கூரைக்கு வெள்ளை அடி, சூடு ஏறாது. வெயில் வராத பக்கம் பார்த்து ஜன்னல் வை. சுவரின் உச்சியில் காற்றுத் துளை வை, சூடெல்லாம் அது வழியாக வெளியேறிவிடும். அந்த மண்டபத்தில் எனக்கே வியர்த்துக் கொட்டியது. அதனால் அவர் சொன்னது அத்தனையும் நியாயமாகவே பட்டது. ஒன்று விடாமல் கொப்பியில் எழுதிக்கொண்டேன். திரும்பி வரும்போது ரயில் மலையேறிப் பட்டிப்பொலையைத் தாண்டியதும், பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன். அப்போதாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பாரூக் நானா அந்த மாதம்தான் வீடு கட்டத் தொடங்கினார். கொப்பியில் இருந்ததையெல்லாம் அவர் வீட்டில் இறக்கினேன். நாலு அடிக்கு நீட்டிய கூரை, வெள்ளைத் தகரம், வடக்குப் பக்கமாகப் பெரிய ஜன்னல், மேலே வரிசையாகத் துளைகள். அவர் குடிபோய் மூன்று மாதம் கழித்து அந்த வழியாகப் போனேன். காலை பத்து மணி. நானா, அவர் மனைவி, இரண்டு மகன்மார் எல்லோரும் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் கதிரை போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ விசேஷம் என்று நினைத்து சிரித்துக்கொண்டே பக்கத்தில் போனேன். நானா ஒரு கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"உக்காருங்க தம்பி. வீடு நல்ல அழகு, பாக்குறவன் எல்லாம் பாராட்டுறான். உள்ள குளிரு தாங்கல்ல, அதான் வெளிய இருந்து நாங்களும் பாத்துக்கிட்டு இருக்கோம்."

ஏழு பேர்ச்சும் ஒரு சாவியும்

செல்வமணியும் அவள் கணவன் ரவியும் என் ஆபீஸ் படியேறி வந்தது அதற்குப் பிறகு. செல்வமணி பெரகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவள். ரவி பெரகலச் சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறான். தோட்டத்தில் ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம் ஒதுக்கியிருந்தார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தை விட்டுத் தனி வீடு கட்டிப் போகலாம். ஒரேயொரு நிபந்தனை. குடிபோன மாதம் முடிவதற்குள் லயத்தில் அவர்கள் இருந்த அறையான காம்பராவின் சாவியைத் தோட்ட ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் அந்தக் காம்பரா வேறொரு குடும்பத்துக்குப் போய்விடும். திரும்பிப் போக வழியில்லை.

அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, பெயர் தர்ஷிகா. குழந்தைக்கு இழுப்பு. புகையும் ஈரமும் குளிரும் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் வழக்கம்போல எத்தனை அறை, முன் வராந்தா வேண்டுமா, போர்ட்டிகோ வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே போனேன். செல்வமணி மடியிலிருந்த குழந்தையின் குல்லாவைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள்:

"எத்தனை ரூம்புன்னு நீங்களே பாத்துப் போடுங்க சார். எங்களுக்கு வேண்டியது, புள்ள ராவுல இருமாமத் தூங்குற வீடு."

சூரியன் எந்தப் பக்கம்

பாரூக் நானாவிடம் வாங்கிய அடியில் நான் திருந்தியிருந்தேன். இந்த முறை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்வது என்று முடிவு. கூரை குட்டை, கூரை நிறம் கடும் சிவப்பு, ஜன்னல் வெயில் பக்கம். வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து வர நிலத்துக்குப் போனேன். பனிமூட்டம். இரண்டாவது முறை போனேன், பனிமூட்டம். மூன்றாவது முறை போனபோது நிலமே தெரியவில்லை, ரவி கூப்பிட்ட சத்தத்தை வைத்துப் போய்ச் சேர்ந்தேன். சூரியன் எங்கே உதிக்கும் என்று கேட்டதற்கு ரவி ஒரு பக்கம் கை காட்டினான். கட்டுமான வேலைக்கு வந்திருந்த கொத்தனார் சண்முகம் பாஸ் இன்னொரு பக்கம் கை காட்டினார். பாஸ் முப்பது வருடமாகச் சுவர் எழுப்புகிறவர், அவர் கையை லேசில் தள்ளிவிட முடியாது. நான் போனில் இருந்த திசைகாட்டியைத் திறந்து இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு திசையைக் கண்டுபிடித்தேன்.

அதுதான் கிழக்கு என்று ஆணி அடிக்கப்போன நேரம் செல்வமணி மலையிலிருந்து கூடையோடு இறங்கி வந்தாள். நான் காட்டிய பக்கத்தில் மலை மடிப்பும் அதன்மேல் உயரமான யூக்கலிப்டஸ் மரங்களும் இருக்கின்றன, பத்து மணிக்குத்தான் வெயில் அதைத் தாண்டி வரும் என்றாள். நிலத்தின் கீழ்மூலையில் ஒரு இடைவெளி வழியாக ஏழரைக்கே வெயில் விழும், மத்தியானத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து பனி ஏறிவிடும், அதனால் காலை வெயிலை விட்டால் வேறு வெயில் கிடையாது என்றாள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"தெனம் ஈரச் செடிக்குள்ளதான சார் நிக்கிறோம்? எந்தப் பக்கம் பனி மொதல்ல காயுதுன்னு பாத்துத்தான் கொழுந்து பறிக்க நெரை புடிக்கவே போவோம். நீங்க போன்ல தேடுறீங்க."

உள்ளே மட்டும் மழை

ஜன்னல் கீழ்மூலைப் பக்கம் வைத்தோம். வீடு எழும்பியது. இதற்கிடையில் ரவி போனில் வீடியோ பார்க்கத் தொடங்கியிருந்தான். ஏதோ பனி பெய்கிற தேசத்து வீடியோ. வீட்டில் ஒரு ஊசி நுழையும் துளை இருந்தாலும் சூடு முழுக்க ஓடிப்போய்விடும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அவன் என்னிடம் கேட்டான், நானும் யோசிக்காமல் சரி என்று தலையாட்டினேன். பாரூக் நானா வீட்டுத் துளைகள் என் கண்ணில் இருந்தன. பாஸ் வழக்கப்படி விட்டிருந்த மேல் துளைகளை அவரைக் கொண்டே எல்லாம் கல் வைத்து அடைத்தோம். கதவு இடுக்கில் ரப்பர் பட்டி. சுவர் பூசி மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஈரம் முழுக்கச் சுவருக்குள்ளேயே இருந்தது. சீலிங் அடிக்கவில்லை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். அந்த நிலையில் குடிபோனார்கள்.

மூன்றாம் நாள் காலை ரவி போன் பண்ணினான், கூரை ஒழுகுகிறது என்று. பாஸ் ஏறிப் பார்த்தார், ஓட்டை இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் ஆணித் தலைகளில் எல்லாம் தார் பூசினார். மறுநாளும் ஒழுகியது. வெளியே ஒரு சொட்டு மழை கிடையாது. நான் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தபோது என் மூக்குக் கண்ணாடியிலேயே ஒரு சொட்டு விழுந்தது. சுவரின் ஈரமும், மூன்று பேர் விடுகிற மூச்சும், வெந்நீர் ஆவியும் வெளியேற வழி இல்லாமல் குளிர்ந்த தகரத்தில் போய் முத்து முத்தாகக் கோர்த்து விழுகின்றன என்று எனக்குப் புரிய இன்னும் இரண்டு நாள் பிடித்தது. அதுவரை நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் கூரையைத்தான் சந்தேகப்பட்டோம். இரண்டாவது முறை ஏணியிலிருந்து இறங்கிய சண்முகம் பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வெளிய மழை இல்ல, மேல ஓட்டை இல்ல, தண்ணி மட்டும் வருது. இது பாஸ் வேலை இல்லைங்க சார், பூசாரி வேலை."

மினுங்குகிற பக்கம்

அடைத்த துளைகளில் இரண்டைத் திறந்தோம், காற்று அடிக்காத பக்கமாகப் பார்த்து. தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில் வெள்ளித்தாள் விரிப்பது என்று முடிவாகி பாரூக் நானா கடைக்குப் போனோம். அங்கே ஒரு புதுச் சண்டை. மினுங்குகிற பக்கம் மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா? கொழும்பு வகுப்பில் மேலே என்றார்கள். அது வெயிலைத் திருப்பி அனுப்ப. நமக்கு வீட்டுச் சூட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும், அப்படியானால் கீழே. ஆனால் பகலில் தகரம் கொஞ்சம் சூடாகுமே, அந்தச் சூடு உள்ளே வர வேண்டுமே, அப்படியானால்? நான் கடைப் படியில் உட்கார்ந்து தாளில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். ரவி ஒரு பக்கம் வாதாடினான், பாஸ் அவனுக்கு எதிராக வாதாடினார், நான் இரண்டு பேர் சொன்னதற்கும் தலையாட்டினேன். நானா கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போய் வேறொரு சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது ரெண்டு பக்கமும் மினுங்கும். கொண்டு போங்க தம்பி, மத்த ஆளுகளும் கடைக்குள்ள வரணும்."

பழைய காம்பராவின் சூடு

சுவர் காய்ந்தது, சொட்டு நின்றது. புகை குழந்தைக்கு ஆகாது என்பதால் விறகடுப்பை வீட்டுக்குப் பின்னால் தனிக் கொட்டகையில் வைக்கச் சொல்லியிருந்தேன். காலை வெயில் ஜன்னல் வழியாக நேராகக் கட்டில்மேல் விழுந்தது. புத்தகத்தில் என்ன சொல்லியிருக்கிறதோ அத்தனையும் அந்த வீட்டில் இருந்தது. எனக்குள்ளே ஒரு பெருமைகூட வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் செல்வமணி தனியாக ஆபீசுக்கு வந்தாள். மாதம் முடிய நாலு நாள் இருந்தது. புது வீட்டில் குழந்தை விடிய விடிய இருமுகிறது, நேற்று பொறுக்க முடியாமல் தூக்கிக்கொண்டு பழைய காம்பராவுக்குப் போய்ப் படுத்தோம், அங்கே நிம்மதியாகத் தூங்கினாள் என்றாள். சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

என்னால் நம்ப முடியவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு வெப்பமானியை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் புது வீட்டில் வைத்துப் பார்த்தேன். பிறகு செல்வமணி குழந்தையோடு கூட வந்து லயத்தில் பழைய காம்பராவைத் திறந்துவிட, அங்கேயும் வைத்துப் பார்த்தேன். காம்பராவின் கதவுக்குக் கீழே கை நுழையும் அளவுக்கு இடைவெளி, சுவரில் வெடிப்பு, கூரைத் தகரம் துருப்பிடித்து வெளிச்சம் தெரிகிறது. வெள்ளித்தாளும் இல்லை, ரப்பர் பட்டியும் இல்லை. அடுப்பு மூட்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் புது வீட்டைவிட அங்கே மூன்று டிகிரி கூட. வெப்பமானியைத் தட்டிப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன், மறுபடியும் புது வீட்டுக்கு நடந்து போய் வைத்துப் பார்த்தேன். அதே கணக்குத்தான். பதினான்கு வருடத் தொழிலில் அவ்வளவு வெட்கமாக எனக்கு இருந்ததில்லை. என் பேச்சை நம்பி ஒரு குழந்தையைக் குளிருக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், நாலு நாளில் திரும்பி வரவும் இடம் இருக்காது.

லயத்துக்கே திரும்பி வந்து, காம்பராவுக்குள் பின்சுவரில் சாய்ந்தேன். முதுகு சுட்டது. திரும்பிக் கையை வைத்துப் பார்த்தேன். சுவர் இதமான சூடாக இருந்தது. அது முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயம். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு காம்பரா, அதில் யாரோ அடுப்பு எரிக்கிறார்கள். இது யார் வீட்டு அடுப்பு என்று கேட்டேன். செல்வமணியின் முகம் சுருங்கியது.

"அது பாக்கியம் அக்கா அடுப்பு சார். நாலு மணிக்கே எந்திரிச்சு ரொட்டி தட்டுவா, சுவரே கதவு மாதிரி அதிரும். அந்தச் சத்தத்தால சண்டை புடிச்சு ஒரு வருசமா பேச்சு இல்ல. அவ சத்தம் கேக்காத எடத்துல இருக்கணும்னுதான் நாங்க தனி வீடே கட்டுனோம்."

அந்தப் பக்கத்து வாசல்

பாக்கியம் அக்காவை எனக்குத் தெரியும். அவருக்கும் ஏழு பேர்ச் கிடைத்திருந்தது, செல்வமணியின் நிலத்தை ஒட்டி. அவருக்கும் நான்தான் பிளான் வரைந்திருந்தேன். இரண்டு நிலத்துக்கும் நடுவிலிருக்கும் வேலியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் வீட்டைத் தள்ளிப் போடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானும் காரணம் கேட்காமல் தள்ளிப் போட்டிருந்தேன். இன்னும் அத்திவாரம் வெட்டவில்லை, முளைக்குச்சி மட்டும் அடித்திருந்தது. லயத்தில் இத்தனை வருடமும் ஒருவர் அடுப்பில் மற்றவர் குளிர்காய்ந்திருக்கிறார்கள், அது யாருக்கும் தெரியவில்லை. நாலு பக்கமும் காற்று அடிக்கிற தனி வீட்டில், அடுப்பையும் வெளியே தூக்கிப்போட்டால் சூடு எங்கிருந்து வரும்?

எனக்குத் தோன்றியதைச் செல்வமணியிடம் சொன்னேன். பாக்கியம் அக்காவின் வீட்டை இந்தப் பக்கம் தள்ளி, அவர் சமையலறைச் சுவரும் உங்கள் படுக்கையறைச் சுவரும் ஒரே சுவராக இருந்தால், புகை அவர் புகைபோக்கி வழியாக மேலே போய்விடும், சூடு மட்டும் சுவர் வழியாக இந்தப் பக்கம் வரும். ஆனால் அக்கா சம்மதிக்க வேண்டும். அப்படியே சம்மதித்தாலும் வீடு எழும்ப மாதங்கள் ஆகும், சாவியோ நாலு நாளில் போக வேண்டும். செல்வமணி சாவி முடிந்த முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு லயத்தைச் சுற்றி அந்தப் பக்கம் நடந்தாள். நான் பின்னால் போனேன். என்ன நடக்கும் என்று எனக்குக் கொஞ்சம்கூடத் தெரியவில்லை.

பாக்கியம் அக்கா வாசலில் மாவுக் கையோடு நின்றார். "என்ன, ரொட்டி தட்டுற சத்தம் இன்னும் காதுல விழுதா?" என்றார். செல்வமணி, "விழுகலக்கா. அதான் பிரச்சினை," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நான்தான் வெப்பமானியைக் காட்டி, சுவரைக் காட்டி, தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அக்கா நான் சொன்னதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. குழந்தையின் நெஞ்சில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு செல்வமணியிடம் சொன்னார்:

"சாவியக் கொண்டுபோய்க் குடு. என் வீடு கட்டி முடியிற வரைக்கும் புள்ள இந்தச் சுவத்தோரம் எங்கூடப் படுக்கட்டும். அடுப்பு மூட்டுற நேரம் நானே தூக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் உங்க காம்பராவுக்குப் புதுசா வாறவங்ககிட்ட படுக்கப் போட்டுடுறேன், புகை படாது. இந்த சார் சொல்ற சுவரு எங்க வேணும்னாலும் வரட்டும்."

ஒரே சுவர், இரண்டு வீடு

சாவி போனது. அந்தக் காம்பராவுக்கு வந்த புதுக் குடும்பமும் நல்லவர்கள், விடியக்காலை நாலு மணிக்கு, தூங்குகிற குழந்தையை வாங்கிப் படுக்கவைக்கப் பழகிவிட்டார்கள். நான் இரண்டு பிளான்களையும் ஒன்றாக்கித் திருத்தி வரைந்தேன். பிரதேச சபையில், தனி வீடு கேட்டவர்கள் ஏன் மறுபடியும் ஒட்டிக் கட்டுகிறார்கள் என்று கேட்டார்கள். நான் சொன்ன பதில் அவர்களுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது, ஆனால் கையெழுத்து விழுந்தது. சண்முகம் பாஸ் புகைபோக்கியை மூன்று முறை கட்டி இரண்டு முறை உடைத்தார்.

ஆறாவது மாதம், பாக்கியம் அக்கா குடிவந்த மறுவாரம், ஒரு காலையில் வெப்பமானியை எடுத்துக்கொண்டு செல்வமணி வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்தபோது கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. ரவி கதிரையில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்துகொண்டிருந்தான்.  மறுபடியும் இருமல்தான், மறுபடியும் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று நினைத்து வெப்பமானியைப் பைக்குள் ஒளித்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. செல்வமணி வாயில் விரல் வைத்து, கட்டிலைக் காட்டி, மெதுவாகச் சொன்னாள்:

"நாலு மணியில இருந்து தட்டிக்கிட்டே இருக்கா சார், நாங்க ரெண்டு பேரும் கண்ணு மூடி ஒரு வாரமாச்சு. புள்ள மட்டும் சுவத்துல ஒட்டிக்கிட்டு அசையாமத் தூங்குது, நீங்க சத்தம் போட்டு எழுப்பிறாதீங்க."

இப்போதெல்லாம் யார் பிளான் கேட்டு வந்தாலும், கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு முன்னால், பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை உண்டா என்றுதான் கேட்கிறேன், அவர்கள் நான் ஏதோ தரகு வேலையும் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு முழிக்கிறார்கள்.